சப்ரினா: விலை உள்ள மந்திரம்

வெளிமாநிலத்தில் வளரும் நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆர்ச்சி காமிக்ஸ் புதிதல்ல. ரயில் நிலையப் புத்தகக் கடையில் வாங்கி, ஊர் வருவதற்குள் படித்துத் தீர்த்துவிடுவார்கள். பெரியவர்கள் நாம் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த வரிசையைச் சேர்ந்த சப்ரினா என்ற பதின்வயதுச் சூனியக்காரியின் கதைத் தொகுப்பை நான் முழுசாகப் படித்தேன். 1962 முதல் 1971 வரை வந்த கதைகளைத் தொகுத்து 2017-இல் வெளியிட்டிருக்கிறார்கள்.

சப்ரினா 1962 அக்டோபரில் 'ஆர்ச்சீஸ் மேட்ஹவுஸ்' 22-ஆம் இதழில் பிறந்தாள். எழுதியவர் ஜார்ஜ் கிளாடிர், வரைந்தவர் டான் டிகார்லோ. அமெரிக்காவில் 1954-லேயே காமிக்ஸுக்கென்று ஒரு கட்டுப்பாட்டு விதி வந்து, பயங்கரக் கதைகளுக்குக் கடிவாளம் போட்டுவிட்டது. அந்த விதியை நடத்திய சங்கத்தின் தலைவர் வேறு யாருமில்லை, ஆர்ச்சி நிறுவனத்து ஜான் கோல்ட்வாட்டர்தான். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வரும் சூனியக்காரி பயமுறுத்த முடியுமா? கூன் முதுகும் வளைந்த மூக்கும் போய், அழகான பள்ளிக்கூடப் பெண் வந்தாள்.

அவள் பூனையின் பெயர் சேலம். நம்ம மாம்பழச் சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம். 1692-இல் அங்கே தொடங்கிய சூனிய வழக்குகளில் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். அதில் 14 பேர் பெண்கள். அந்தப் பெயர் 270 வருஷம் கழித்து ஒரு செல்லப் பூனைக்கு வந்து சேர்ந்தது. சிரிப்புக்கு அடியில் இவ்வளவு துக்கம் கிடக்கிறது என்பதைப் படிப்பவர் தெரிந்துகொள்வது நல்லது.

இனி கதைக்கு வருவோம். ஆரம்பக் கதைகளில் சூனியக்காரிக்குக் கண்டிப்பான விதி உண்டு. அவள் காதலித்தால் சக்தி போய்விடும். தீமை செய்வதுதான் அவளுக்கு இடப்பட்ட வேலை; சப்ரினாவின் மனசோ நல்லது பக்கம் சாய்கிறது. இந்த இழுபறியில்தான் கதைக்கு உயிர் இருக்கிறது. நாற்பது வருஷமாகக் கடையில் உட்கார்ந்தவன் நான். விலை இல்லாத சரக்குக்கு மதிப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். மந்திரமும் அப்படித்தான்.

பிந்தைய கதைகளில் இந்த விலை கரைந்து போகிறது. ஒல்லியான ஹில்டா அத்தையின் கோபமும் குண்டான செல்டா அத்தையின் இரக்கமும் ரசிக்கத்தக்கவை, படங்களும் துள்ளுகின்றன. ஆனால் ஹார்வி என்ற பையனோடு சப்ரினா சுற்றுகிறாள், சக்தியும் அப்படியே இருக்கிறது. பழைய விதி என்ன ஆச்சு? விரல் அசைத்தால் வேலை முடியும் என்றால் அது துணுக்கு, கதை அல்ல. தொகுப்பின் பெரிய குறை இதுதான் என்பேன்.

அதற்காக அந்த விதி நியாயமானது என்று நான் சொல்லவில்லை. ஆசைப்பட்டால் உன் திறமையைக் கீழே வை என்று ஒரு பெண்ணிடம் சொல்வது என்ன தர்மம்? கல்யாணம் நிச்சயமானதும் படிப்பையோ வேலையையோ விடச் சொல்லும் வீடுகள் நம்மிடையே இன்றும் இருக்கின்றன. ஆசிரியர்கள் அந்த விதியை எதிர்த்துக் கேள்வி கேட்டு உடைத்திருந்தால் இது பெரிய புத்தகமாகியிருக்கும். அவர்கள் சும்மா மறந்துவிட்டார்கள்.

ஆகவே பிள்ளைகள் படிக்கட்டும், தடுக்க வேண்டாம். முதல் கதைகளை மட்டும் கூட உட்கார்ந்து படியுங்கள். "நீயாக இருந்தால் எதை விடுவாய்?" என்று பேத்தியிடம் கேளுங்கள். "ஏன் தாத்தா, எதையாவது விட்டுத்தான் ஆகணுமா?" என்று அவள் திருப்பிக் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.