மறுவிளக்கமும் அதன் எல்லையும்

ஒரு நூலுக்கு உரை காண்பது வேறு. உரை என்னும் பெயரால் வேறொரு நூலை எழுதிவைப்பது வேறு. தமிழ் பயில்வோர்க்கு இவ்வேறுபாடு புதியதன்று. திருக்குறளுக்குப் பரிமேலழகர் கண்ட உரையில் வள்ளுவர் கருத்து எவ்வளவு, உரையாசிரியர் கொள்கை எவ்வளவு என்று வகுப்பறைகளில் நாம் இன்றும் வாதிடுகிறோம். அதே அளவுகோலைக் கையிற்கொண்டு, கிறித்தவ உலகை ஒரு தலைமுறைக்காலம் உலுக்கிய சிறு நூலொன்றை ஈண்டு நோக்குவோம்.

1963ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இலண்டனில் வெளிவந்த 'ஆனஸ்ட் டு காட்' என்பதே அந்நூல். எழுதியவர் ஜான் ராபின்சன். ஆங்கிலத் திருச்சபையில் வுலிச் பகுதியின் பேராயர். 1960இல் லாரன்சின் 'லேடி சாட்டர்லியின் காதலன்' மீது நடந்த வழக்கில் அந்நாவலுக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னவரும் இவரே. நூலின் கருத்துகளுள் பெரும்பாலானவை அவருடைய சொந்தச் சரக்கல்ல. கடவுளை உள்ளவற்றிற்கெல்லாம் ஆதாரமான ஆழம் எனக் கூறிய பால் டில்லிக், நாட்சிச் சிறையிலிருந்து கடிதங்கள் எழுதி 1945இல் தூக்கிலிடப்பட்ட போன்ஹோபர், புதிய ஏற்பாட்டைப் புராண உடையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று 1941இல் முழங்கிய புல்ட்மன் ஆகிய மூவரிடமும் பெற்றவற்றையே அவர் தொகுத்துரைத்தார். செருமானிய அறிஞர் அவைக்குள் அடங்கியிருந்த பேச்சைப் பேராயர் ஒருவர் மலிவுப் பதிப்பாக்கித் தெருவிற்குக் கொணர்ந்தார். அதனாலேயே அத்துணை ஆரவாரம் எழுந்தது.

மறுவிளக்கம் செய்ததே அவர் குற்றம் என்பாருடன் நாம் உடன்படுதற்கில்லை. கி.பி. 325இல் நைசியாவிற் கூடிய பேரவை, மகன் தந்தையோடு 'ஒரே பொருள்' ஆனவர் என அறுதியிட்டது. அக்கிரேக்கச் சொல் விவிலியத்தில் எங்கும் இல்லை. பழைய நம்பிக்கையைக் காக்கப் புதிய சொல் வேண்டியிருந்தது, ஆக்கிக்கொண்டனர். ஆதியாகமத்திற்கு உரை வரைந்த அகுஸ்தீனாரும், வானியல் அறிந்தோர் நகைக்கும்படி வேதத்திற்குப் பொருள் சொல்லற்க என எச்சரித்தவரே. மறுவிளக்கம் அச்சமயத்தின் பிறவிக் குணம் எனலாம்.

இராபின்சனின் முதற் குறை இங்கேதான் வெளிப்படுகிறது. வானத்தின் மேலே அமர்ந்திருக்கும் முதியவரை அவர் பெருமுயற்சியுடன் கீழே இறக்குகிறார். ஆனால் கற்றறிந்த கிறித்தவர் எவர் அம்முதியவரை நம்பினார்? இல்லாத எதிரியை வீழ்த்துவதற்கு ஏடுகள் பல செலவாகிவிட்டன.

அடுத்தது ஆழமான குறை. கடவுளைப் பற்றிய கூற்றை மனிதரைப் பற்றிய கூற்றாக, மிச்சம் ஒன்றும் இன்றி மாற்றிவிட முடியுமானால், பழைய சொல்லை ஏன் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும்? 'கடவுள் அன்பாயிருக்கிறார்' என்பதை 'அன்பே கடவுள்' எனத் திருப்பிப் போட்டவர் பாயர்பாக். இராபின்சன் அவ்விடுகுழியைக் கண்டார். இரண்டும் ஒன்றல்ல என்றும் கூறினார். ஆனால் எவ்வாறு ஒன்றல்ல என்பதைத் தெளிவாக்கினாரா? இல்லை என்றே சொல்ல வேண்டும். நூல் வெளிவந்த அதே ஆண்டில் மெய்யியலார் அலாஸ்டர் மக்கின்டயர், இப்பேராயர் உண்மையில் ஒரு நாத்திகரே என்று எழுதினார். அது கடுமையான தீர்ப்பு. எனினும், அத்தீர்ப்புக்கு இடம் கொடுத்தது நூலின் வாசகமே.

தமிழாசிரியர்க்கு இதனை இலக்கணத்தால் எளிதில் விளக்கலாம். எட்டாம் வேற்றுமை விளி. தந்தையை விளிக்கலாம். 'உள்ளதன் ஆதாரமே, எனக்கு இரங்குக' என்று எவரேனும் நள்ளிரவில் அழுவரோ? நம் அடியார்கள் 'சோதியே' என்று அழைத்தனரே என வினவலாம். அழைத்தனர், அச்சோதி செவிசாய்க்கும் என்று நம்பி அழைத்தனர். விளித்தற்கு முன்னிலை ஒன்று வேண்டும். அம்முன்னிலையைப் படர்க்கைக் கருத்தாக்கிவிட்ட பின்னும் வழிபாட்டு நூலை மட்டும் மாற்றாது வைத்திருப்பது பொருந்துமா?

உயிர்த்தெழுதலைப் பற்றிய விளக்கத்திலோ மூலநூலே குறுக்கே நிற்கிறது. இயேசு சீடர்தம் அறிவிப்பில் உயிர்த்தெழுந்தார் என்பது புல்ட்மன் கண்ட பொருள். ஆனால் பவுலடிகள் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில் கண்டவர்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் ஒருசேரக் கண்டனர் என்றும், அவர்களுட் பலர் இன்னும் உயிரோடிருக்கின்றனர் என்றும் கூறுகிறார். கிறித்து எழவில்லையேல் தம் பிரசங்கம் வீண் என்கிறார். அவர் கூற்றை மறுக்க ஒருவர்க்கு உரிமையுண்டு. ஆனால் அவர் உவமை கூறினார் என்று சொல்ல உரிமை இல்லை. புல்ட்மனும் இறுதிவரை செல்லவில்லை. கிறித்துவில் கடவுள் செயலாற்றினார் என்ற ஒன்றை மட்டும் விடாது பற்றிக்கொண்டார். அதுவும் புராணமே, அதனையும் விடுக என்றார் சுவிசு நாட்டு பிரிட்சு பூரி. தருக்கம் பூரியின் பக்கம். சமயம் புல்ட்மனின் பக்கம்.

அத்தருக்கத்தின் முடிவை 1980இல் 'டேக்கிங் லீவ் ஆப் காட்' என்னும் நூலில் டான் கியூபிட்டு எழுதினார். கடவுள் புறத்தே உள்ள பொருளன்று, சமய வாழ்வின் இலட்சியம் என்பது அவர் கொள்கை. நூற்பெயரிலேயே விடைபெற்றுக்கொண்டவர் அவர். அந்நேர்மையை நான் மதிக்கிறேன். குறளின் கடவுள் வாழ்த்து முதலிய பாயிர அதிகாரங்களை வள்ளுவர் வாக்கல்ல எனக் கருதிய வ.உ.சி., தம் ஐயத்தை வெளிப்படையாகவே கூறினார். சொற்களை முறுக்கி வேறு பொருள் பிழியவில்லை. அவர் முடிவை நாம் ஏற்காது போகலாம். அவர் எங்கே நிற்கிறார் என்பதில் நமக்கு ஐயமில்லை. கியூபிட்டிடமும் அத்தெளிவு உண்டு. இராபின்சனிடம்தான் அது இல்லை.

அவரை அவ்வளவில் ஒதுக்கிவிடவும் இயலாது. 1976இல் அவர் வேறொரு நூல் வெளியிட்டார். புதிய ஏற்பாட்டு நூல்கள் யாவும் கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழியுமுன் எழுதப்பட்டவை என்பது அதன் வாதம். பழமைவாதிகளும் சொல்லத் தயங்கிய கருத்து அது. அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. ஆழம் என்றும் ஆதாரம் என்றும் எழுதிய அதே கை, ஆண்டுகளையும் சாட்சிகளையும் இவ்வளவு கருத்தாக எண்ணியது ஏன்? அவ்விரு நூல்களையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவர்க்கு அவர் 1983இல் மறையும்வரை எதைக் கைவிட மறுத்தார் என்பது புலப்படும்.