கலைஞர் என்பது யார்?

மைசூர் வான் இங்கன் கம்பெனியைப் பற்றி பாட் மாரிஸ் 2006இல் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே 'கலைஞர்கள்' என்கிற சொல் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குள் யார் யார் அடங்குவார்கள் என்பதுதான் என் கேள்வி.

சுமார் நூறு வருஷம் நடந்த பட்டறை. பாடம் செய்த புலியும் சிறுத்தையும் மட்டும் 43,000க்கு மேல் என்பது மாரிஸ் கணக்கு. ஒரு குடும்பத்துக் கைகளால் ஆகிற காரியமா இது? அழுகறதுக்குள்ள உரிக்கணும், உப்புப் போடணும். உதடு, காது, விரலிடுக்கு வரைக்கும் சதையும் கொழுப்பும் போகச் சுரண்டணும்; கொஞ்சம் விட்டால் மயிர் கொட்டிவிடும். பதனிட்டு, அச்சில் காகிதக்கூழ் ஒட்டி உடம்பு செய்து, தோலை இழுத்துப் போர்த்தித் தைத்து, கண்ணாடிக் கண் பதித்தால்தான் முழு உருவப் புலி எழுந்து நிற்கும். தையல் மயிருக்குள் மறையணும். நல்ல வேலைக்கு அடையாளமே செய்த கை தெரியாமல் போவதுதான்.

புலிமேல் தெரிய வேண்டாம், சரி. சுட்ட துரை பேரும் கம்பெனி பேரும் போட இடமிருந்ததே?

செத்த மாட்டை உரிச்ச எங்க தாத்தாவுக்கும் அதே கத்தி, அதே உப்பு. அவருக்குக் கிடைச்சது டீக்கடையில் தனி கிளாஸ்.

1826இல் எடின்பரோவில் டார்வினுக்குப் பறவை பாடம் செய்யக் கற்றுக்கொடுத்தவர் ஜான் எட்மன்ஸ்டன், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பர். டார்வின் சுயசரிதையில் அவரைப் பற்றிய குறிப்பு உண்டு, பெயர் இல்லை. பின்னால் வந்தவர்கள் தேடித்தான் எடுத்தார்கள். மைசூர் பட்டறை மூடியது 1999இல்தான். அங்கே கூலி வாங்கியவர்களின் பிள்ளைகளிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுத இன்னும் நேரமிருக்கிறது.