பட்டணமும் வீடும்

பட்டணத்துக்குப் போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை எல்லா நாட்டுக் கதைகளிலும் உண்டு. தன்பால் விருப்பமுள்ளவர்கள் விஷயத்தில் பிரிட்டிஷ் ஸினிமா இதை ஏறக்குறைய ஒரு விதியாகவே ஆக்கிவிட்டது. அவர்களுக்கு ஊர் என்றால் லண்டன். மற்றதெல்லாம் விட்டுப் போகவேண்டிய இடம். இந்த விதி எவ்வளவு தூரம் சரி?

1961ல் பேஸில் டியர்டன் எடுத்த 'விக்டிம்' படத்தில் லண்டன் வீடாக இல்லை, கண்ணியாக இருக்கிறது. ஆணும் ஆணும் உறவு கொள்வது அன்று அங்கே குற்றம். 1967ல்தான் சட்டம் சற்றுத் தளர்ந்தது. மிரட்டுகிறவனுக்குக் கொடுப்பதற்காக முதலாளியின் பணத்தைத் திருடிவிட்ட பாரட் என்ற இளைஞன், தெரிந்தவர்களிடமெல்லாம் உதவி கேட்டு அலைகிறான். அவனைப் போன்றவர்களே பயந்து கதவைச் சாத்துகிறார்கள். பையன் போலீஸ் காவலில் தூக்குப் போட்டுக்கொள்கிறான். கூட்டம் நம்மை மறைத்துக் காக்கும் என்கிறோம். மறைவு இருக்கிற இடத்தில்தான் மிரட்டுகிறவனுக்கும் வியாபாரம் நடக்கிறது!

ஹனீப் குரேஷி எழுதிய 'மை பியூட்டிஃபுல் லாண்டரெட்' (1985) படத்தில் ஓமாருக்கும் ஜானிக்கும் லண்டன் சொந்தமாகிவிடவில்லை. சலவைக் கடையின் பின்னறை ஒன்றுதான் அவர்களுடையது.

பிறகு வந்தது 'பிரைட்' (2014). 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு நிதி திரட்டிக்கொண்டு, லண்டன் புத்தகக் கடை ஒன்றில் கூடிய இளைஞர்கள் வேல்ஸ் கிராமத்துக்குப் போகிறார்கள். வெளிச்சம் பட்டணத்திலிருந்துதான் கிராமத்துக்குப் போகவேண்டும் என்று படம் நினைப்பதுபோல் இருக்கிறது. ஆனால் அதன் மிக நல்ல காட்சி கிராமத்துக்குள்ளேயே நடக்கிறது. ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே கிழவர் கிளிஃப் தம்மைப் பற்றிய உண்மையைச் சொல்கிறார். பக்கத்தில் நிற்கும் ஹெஃபினாவுக்கு அது பல வருஷங்களாகத் தெரியும்! வேலை நிற்கவில்லை. படம் தன் கட்சிக்கு விரோதமாகத் தானே சாட்சி சொல்லிவிடுகிறது.

பிரான்சிஸ் லீயின் 'காட்ஸ் ஓன் கன்ட்ரி' (2017) இன்னும் ஒரு படி போகிறது. யார்க்‌ஷயர் ஆட்டுப் பண்ணையில் ஜானி என்ற இளைஞனும், வேலைக்கு வந்த ருமேனியன் ஒருவனும். பாட்டி தெரிந்துகொள்கிறாள், வாய் பேசாமல் வீட்டைச் சுத்தம் செய்கிறாள். முடிவில் இருவரும் பட்டணத்துக்கு ரயில் ஏறவில்லை, பண்ணைக்கே திரும்புகிறார்கள்.

வீட்டில் கதவு சாத்தப்பட்டவர்களுக்கு லண்டன் உண்மையிலேயே தஞ்சம் தந்தது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் இந்தப் படங்களைச் சின்ன ஊரிலிருந்தும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அம்மாவையும் ஊரையும் விட்டால்தான் வாழலாம் என்று அவர்களுக்குச் சொல்வது பெரிய பொறுப்பு. ரயில் ஏறுகிற காட்சியை எடுப்பது சுலபம். ஊரிலேயே ஒருவர் அறிந்து ஏற்றுக்கொள்வதை எடுப்பதுதான் கஷ்டம். அதைச் செய்த படங்களே என் மனத்தில் நிற்கின்றன.