பல்லவி நம்முடையது

திருச்சியில் தஞ்சாவூர் சாலையில் காட்டூர்ப் பக்கம் ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் போகிறவர்கள், வருகைப் பாடலின் பல்லவியை இரண்டாம் முறையே கூடப் பாடிவிடுகிறார்கள். அப்படிப் பாட வைப்பதுதான் மெட்டமைப்பவரின் வித்தை.

1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைத் தாய்மொழிக்குத் திறந்துவிட்டது. அந்தந்த நாட்டு இசைமரபுக்கும் உரிய இடம் தரச் சொன்னது. திருச்சியில் 1977-இல் தொடங்கிய கலைக்காவிரி என்ற கலை மையம் அந்த வழியில் வந்ததே.

வருகைப் பாடலின் நீளம் குருவானவரின் நடையைப் பொறுத்தது. பீடத்தை அவர் எட்டியதும் நிறுத்த வேண்டும். ஆகவே ஒவ்வொரு சரணமும் தனியே முடியக்கூடியதாக இருக்க வேண்டும். பல்லவி ஒரு ஸ்தாயிக்குள் அடங்கினால் பாட்டிமாரும் பாடுவார்கள். குறிலை இழுத்தால் 'வர' என்பது 'வார' ஆகிவிடும்.

பெரிய சிக்கல் பல குரல் இசையில். மோகன ராகம் அதற்கு எளிதாக இடம் கொடுக்கும். மாயாமாளவகௌளை முரண்டுபிடிக்கும்: பஞ்சமத்தின் மேல் கார்டு கட்டினால் சுத்த ரிஷபம் அதைக் கோணலாக்கும். கீபோர்டுக்காரர் சதுச்ருதி ரிஷபத்தை அழுத்தித் தப்பிப்பார். ராகம் போய்விடும். நல்ல மெட்டமைப்பாளர் அங்கே ஆல்டோ, டெனார், பேஸ் குரல்களை சட்ஜ பஞ்சமத்தில் நிறுத்திவிட்டு, மெட்டைத் தனியே நடக்க விடுவார்.

பாடகர் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள்: மைக் சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள். பல்லவியை நாங்களும் பாடுகிறோம்.