கரையில் நிற்கும் மணிநேரம்

அண்டார்டிகாவுக்குப் போகும் சிறு கப்பல்களின் விளம்பரப் புத்தகத்தைப் புரட்டினால் பால்கனி, வெந்நீர்த் தொட்டி, ஏழு வகை விருந்து என்று வரிசையாக வரும். பெங்குவின் கடைசியில்தான் தலைகாட்டும். செட்டிநாட்டு அரியக்குடியில் அறுபதைத் தாண்டிய ஓர் அண்ணனும் ஆச்சியும் அப்படி நான்கைந்து புத்தகங்களை வைத்துக்கொண்டு எதைத் தேர்வதென்று கேட்டார்கள். தலைக்குப் பத்து லட்சத்துக்கு மேல் போகிற காரியம். அதை அறையின் அழகை வைத்து முடிவு செய்வது தவறு என்பது என் உறுதியான கருத்து.

செட்டிநாட்டுக்குக் கப்பல் புதிதல்ல. கொண்டுவிக்க (கடல்கடந்து தொழில் செய்ய) போன அய்யாக்கள் ஏறிய ரஜூலா 1926இல் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஆயிரக்கணக்கானவர்களை மேல்தட்டிலேயே உட்காரவைத்து ஏற்றிப்போனது. பத்திரமாகத் துறைமுகம் சேர்த்தால் அது நல்ல கப்பல். துருவத்தில் சேரவேண்டிய துறைமுகமே கிடையாது. நங்கூரம் போட்டு, ஜோடியாக் என்ற ரப்பர் படகில் ஆட்களை இறக்கிக் கூட்டிவர வேண்டும். ஆகவே அங்கே கப்பலின் தகுதியைச் சொல்வது ஒரே கணக்குதான்: பயணி எத்தனை மணி நேரம் கரையில் நிற்கிறார்?

அண்டார்டிகப் பயண நிறுவனங்களின் சர்வதேசச் சங்கம் வகுத்த விதிப்படி ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் நூறு பயணிகளுக்கு மேல் இறங்கக்கூடாது. ஐந்நூறு பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையுமே இறக்கக்கூடாது. 2023-24 பருவத்தில் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் அதிகமானோர் போன கண்டம் அது. இந்த விதியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். விலையோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் படம் தெளிவாகும். அர்ஜென்டினாவின் உசுவாயாவில் ஏறும் பத்து, பதினொரு நாள் பயணத்தில் டிரேக் கடலைப் போக இரண்டு நாள், வர இரண்டு நாள் என்று கடந்துவிட்டால் மிஞ்சுவது ஏறக்குறைய ஐந்து நாள். நாளுக்கு இரண்டு முறை, முறைக்கு மூன்று மணி நேரம் என்று வைத்தால் வானிலை முழுக்க ஒத்துழைத்தால் முப்பது மணி நேரம். நூறு பேர் கப்பலில் இது முழுதும் உங்களுக்கு. இருநூறு பேர் என்றால் இரண்டு அணி. பாதிதான் கரையில், மீதி நேரம் படகில் சுற்றுவீர்கள். 378 பேர் ஏறும் வைக்கிங் ஆக்டான்டிஸ் போன்ற கப்பலில் நான்கு அணி. கட்டணத்தைக் கரை மணிநேரத்தால் வகுத்துப் பாருங்கள்; மலிவாகத் தெரிந்த பெரிய கப்பல் அப்போது மலிவாக இருக்காது.

பனியைத் தாங்கும் வலுவைப் பற்றி விற்பவர்கள் நிறையப் பேசுவார்கள். துருவ வகுப்பில் எண் குறையக் குறைய வலு கூடும். போனான் நிறுவனத்தின் லெ கொமாந்தான் ஷார்கோ இரண்டாம் வகுப்பு. 2021இல் வடதுருவத்தையே தொட்டது. மாபெரும் கப்பல்தான். ஆனால் டிசம்பரிலும் ஜனவரியிலும் அண்டார்டிகத் தீபகற்பத்துக்குப் போக ஆறாம் வகுப்பே போதும். வெட்டெல் கடலுக்குள் ஆழமாக நுழைய ஆசையில்லாதவர் அந்த வலுவுக்குப் பணம் கொடுப்பது வீண். (நம் மைத்ரி, பாரதி நிலையங்களைப் பார்க்கலாமா என்று ஆச்சி கேட்டார். இரண்டும் கண்டத்தின் கிழக்குப் பகுதியில், தீபகற்பத்திலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்றன. இந்தக் கப்பல்கள் அந்தப் பக்கம் போவதில்லை.)

சிறிய கப்பல் என்றாலே பாதுகாப்பு என்றும் நம்பிவிடக் கூடாது. துருவப் பயணத்துக்கென்றே 1969இல் கட்டிய எக்ஸ்ப்ளோரர், 2007 நவம்பர் 23இல் பனியில் மோதி மூழ்கியது. 154 பேரும் பிழைத்ததற்குக் கடல் அமைதியாக இருந்ததும், நோர்ட்நோர்கே என்ற கப்பல் சில மணி நேரத்தில் வந்து சேர்ந்ததும்தான் காரணம். பெரிய கப்பலும் தப்பிவிடுவதில்லை: 2022 நவம்பரில் வைக்கிங் போலாரிஸ் மீது ராட்சத அலை மோதி, கண்ணாடி உடைந்து ஒரு பயணி இறந்தார். எனவே பாதுகாப்பை எடைபோட, அருகே வேறு கப்பல்கள் நடமாடும் தடமா, மருத்துவ மீட்புக் காப்பீடு உண்டா என்று கேட்பதே பயன்தரும். கப்பலின் நீளம் இதில் பெரிதாக எதையும் சொல்லாது.

இந்தக் கணக்குகளைப் போட்டபின் அவர்களின் புத்தகங்களில் எஞ்சும் கப்பல்கள் மூன்று. டச்சுக் கடற்படைக்காக 1976இல் பிறந்து, பின்பு மாற்றியமைக்கப்பட்ட பிளான்சியஸில் 108 பேர். கரைக் கணக்கில் நல்ல இடம், ஆனால் பழைய கப்பல், அறைகள் எளிமை. மெகெல்லன் எக்ஸ்ப்ளோரரில் எண்பது பேருக்கும் குறைவு. சிலியின் புன்டா அரினாஸிலிருந்து விமானத்தில் கிங் ஜார்ஜ் தீவுக்குப் போய் ஏறுவதால் டிரேக் கடலே இல்லை. மூடுபனி விமானத்தை நிறுத்திவிட்டால் நாள்கள் கரையும் என்பது இதன் குறை. மூன்றாவது, 2019இல் வந்த கிரெக் மார்ட்டிமர். ஏறத்தாழ 130 பேர். துடுப்புப் படகு (கயாக்) ஓட்டப் போகும் பயணிகள் பிரிந்தால் மிச்சமிருப்பவர்கள் நூறை ஒட்டி நிற்பார்கள், கரை நேரம் அதிகம் குறையாது. பின்னோக்கிச் சாய்ந்த அதன் எக்ஸ்-போ முகப்பு அலையில் அறைவதைக் குறைக்கிறது. ஆனால் பக்கவாட்டு ஆட்டத்தை அது தீர்க்காது, அதற்குத் தனியே நிலைநிறுத்தும் துடுப்புகள் உண்டு. 2020இல் இதே கப்பலில் 217 பேரில் 128 பேருக்குக் கொரோனா உறுதியானது. எட்டாத் தொலைவில் ஒரு தொற்று பரவினால் என்ன ஆகும் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அது இந்தக் கப்பலுக்கு மட்டுமான குறையல்ல.

சைவச் சாப்பாடு ஒரு கவலைதான். அதற்காக இந்தியச் சமையல்காரரோடு போகும் பெரிய கப்பலுக்கு மாறுவதை நான் ஏற்கமாட்டேன். முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். கரையில் எந்தத் தின்பண்டமும் இறங்கக்கூடாது; கப்பலில் சமாளிப்பது பத்து நாள்தான்.

என் தீர்ப்பு கிரெக் மார்ட்டிமர். ரப்பர் படகில் ஏறி இறங்க அண்ணனின் மூட்டு இடம் கொடுத்து, கடல் ஆட்டம்தான் பயம் என்றால் மட்டும் மெகெல்லன். மூட்டே ஒத்துவராது என்றால் எந்தச் சிறு கப்பலும் வேண்டாம். அறை என்று வரும்போது கீழ்த்தட்டில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. பால்கனிக்கு வைத்திருக்கும் பணத்தைக் கூடுதல் நாள்களுள்ள பயணத்துக்குப் போடுங்கள்.