திருத்தித் தராத உதவி

டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கொமாபா வளாகத்தில் அறிவியல் படிக்க வரும் முதலாண்டு மாணவர்கள், ஒரு சிறு சோதனையைத் தாங்களே யோசித்து, செய்து பார்த்து, அதை ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரையாக எழுத வேண்டும். ‘அலெஸ்’ என்ற இந்தப் பாடம் 2008இல் தொடங்கியது. எழுதத் திணறுகிறவர்களுக்கு அங்கேயே ஓர் எழுத்துக்கூடம் உண்டு. உதவிக்கு உட்கார்ந்திருப்பவர்கள் பேராசிரியர்கள் இல்லை. மேற்படிப்பில் இருக்கும் மூத்த மாணவர்கள்.

எனக்குப் பிடித்தது, இவர்கள் செய்யாமல் விடுகிற வேலைதான். பிழை திருத்தித் தருவது இவர்கள் வேலை இல்லை. “இந்த வரியில் என்ன சொல்ல வந்தீங்க?” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பதில் வாய்மொழியாக வரும்போது, தாளில் இருப்பதைவிடப் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். சரி, அதையே எழுதுங்கள். ‘முடிவுகள்’ பகுதியில் “சூடு கூடியதால் சீக்கிரம் கரைந்தது” என்று இருக்கும். நேரத்தை அளந்தீர்கள், ‘அதனால்’ என்பதை எப்படி அளந்தீர்கள்? அந்த ஒரு கேள்வியில் காரணம் மட்டும் கழன்று, அடுத்த பகுதியான ‘விவாத’த்துக்குப் போய்விடும். பதில் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பது லேசான காரியமா? கையில் சிவப்புப் பேனா இருந்தால் எனக்கு அந்தப் பொறுமை வராது.

வாசேதா பல்கலைக்கழகத்தின் எழுத்து மையத்திலும் மேற்படிப்பு மாணவர்கள்தான் உதவுகிறார்கள். அங்கே ஜப்பானிய மொழிக் கட்டுரைகளையும் தூக்கிக்கொண்டு வரலாம். தாய்மொழியில் எழுதவும் துணைக்கு ஆள் வேண்டுமா என்றால், வேண்டும்.