இசையில் முதுகலை: பட்டம் எதை அளக்கிறது?

கல்லூரியில் இசை கற்பிக்க விரும்புகிறவர் எழுதும் நெட் தேர்வில் மொத்தம் 150 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். முதல் தாளின் 50 கேள்விகள் எல்லாத் துறையினருக்கும் பொது. இரண்டாம் தாளின் 100 கேள்விகள் இசையைப் பற்றியவை. கர்நாடக இசைக்காரருக்கும் இந்துஸ்தானிக்காரருக்கும் பாடத்தின் பெயர் ஒன்றேதான். கொடுத்த நான்கு விடைகளில் சரியானதைக் குறித்தால் போதும். தேர்வு முடியும்வரை ஒரு சட்ஜமம்கூடப் பாடவேண்டியதில்லை. கேட்டால், "பாட்டைத்தான் எம்.ஏ.விலேயே சோதித்துவிட்டார்களே" என்று சமாதானம் சொல்வார்கள். அந்தச் சமாதானம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதே கேள்வி.

கர்நாடக இசையில் முதுகலை என்பது இரண்டு ஆண்டு, நான்கு பருவம். சேர்வதற்கு இசையில் இளங்கலை வேண்டும். வேறு பாடத்தில் பட்டம் பெற்றவரையும் பாடச்சொல்லிக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. சேர்ந்தபின் இலக்கணத் தாள்கள், செய்முறைத் தேர்வுகள், கடைசியில் ஓர் ஆய்வேடு. இலக்கணத்தில் நாட்டிய சாத்திரம், சங்கீத ரத்னாகரம், சதுர்தண்டி பிரகாசிகை என்று நூல்களின் வரிசை, பண், யாழ், சிலப்பதிகார இசை, வாக்கேயக்காரர் வரலாறு, ஒலியியல். செய்முறையில் வர்ணம், கீர்த்தனை, ஆலாபனை, நிரவல், கற்பனைச் சுரம், பல்லவி.

இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் நல்லதும் கெட்டதும் பாதி புரிந்துவிடும். 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரசை ஒட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. அதிலிருந்து பிறந்தது 1928-இன் மியூசிக் அகாதெமி. 1929-இல் அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி தொடங்கினார். 1930-களில் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இசைப் படிப்பு வந்தது. அங்கே பி. சாம்பமூர்த்தி பாடங்களை வகுத்து, இலக்கணத்தை ஆங்கிலத்தில் ஆறு புத்தகங்களாக எழுதித் தந்தார். பல்கலைக்கழகத்தில் இடம் பிடிக்க வேண்டுமென்றால் வரலாறும் தத்துவமும் போல இசையும் எழுதிக் காட்டக்கூடிய படிப்பாக இருந்தாக வேண்டும் என்பது அந்தக் காலத்தின் நியாயம். அந்த நியாயமே இன்றுவரை வினாத்தாளை ஆள்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். குருகுலத்தில் யாரைச் சேர்ப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பது குருவின் விருப்பம். அந்த விருப்பத்துக்குள் சாதி, குடும்பம், ஆணா பெண்ணா என்பதெல்லாம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தன. கல்லூரிக்கு விண்ணப்பப் படிவமும் இட ஒதுக்கீடும் உண்டு. வீட்டில் யாருமே பாடாத, சபா வாசலை மிதிக்காத குடும்பத்துப் பெண், அரசு இசைக் கல்லூரியில் சொற்பக் கட்டணத்தில் வீணை படிக்க முடிகிறது. பள்ளி இசை ஆசிரியர் வேலைக்கு அவர் போவதும் அந்தச் சான்றிதழின் பலத்தில்தான்.

இரண்டாவது நன்மை, கேள்வி கேட்கும் பழக்கம். குரு பாடியதைத் திருப்பிப் பாடும் சீடருக்கு, அந்த ராகம் நூறு ஆண்டுக்கு முன் எப்படி இருந்தது என்று கேட்கத் தோன்றுவதில்லை. தோன்றினாலும் கேட்க வாய் வராது. முதுகலை மாணவர் 1904-இல் சுப்பராம தீட்சிதர் அச்சிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியைப் பிரித்து, தான் கற்ற பாடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். 1917-இல் ஆபிரகாம் பண்டிதர் கருணாமிர்த சாகரத்திலும் 1947-இல் விபுலானந்த அடிகள் யாழ்நூலிலும் சுருதியைப் பற்றியும் பண்ணைப் பற்றியும் எழுப்பிய வாதங்களை எடைபோடுகிறார். கச்சேரி மேடையில் பெயரெடுத்த எஸ். ராமநாதன் சிலப்பதிகார இசையை ஆராய்ந்து அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். புல்லாங்குழல் டி. விஸ்வநாதன் அதே இடத்தில் ராக ஆலாபனையைப் பற்றி ஆய்வேடு எழுதினார். பாட்டும் படிப்பும் ஒருவரிடமே கூடிவரும் என்பதற்கு இவர்களைவிடச் சாட்சி வேண்டாம்.

குறைகள் செய்முறைத் தேர்வறையில் தொடங்குகின்றன. கைப்பேசியில் தம்பூரா செயலி ஓடுகிறது. எதிரே வெளித் தேர்வாளரும் உள் தேர்வாளரும். மாணவர் தான் பாடம் செய்த உருப்படிகளின் பட்டியலை நீட்டுகிறார். தேர்வாளர் அதில் ஒன்றைத் தொட்டு, "இதில் சரணம் மட்டும் பாடுங்க" என்கிறார். "காம்போதி கொஞ்சம் ஆலாபனை பண்ணுங்க." மூன்றாவது நிமிடம், ராகம் மேல் சட்ஜமத்தை நெருங்கும்போது, "போதும்மா, ரெண்டு ஆவர்த்தனம் சுரம் போடுங்க." வெளியே இன்னும் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். தேர்வாளர்மேல் குற்றமில்லை, மாலைக்குள் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். வயலின் இல்லை, மிருதங்கம் இருந்தால் அதிர்ஷ்டம், கேட்பதற்கு ரசிகர் என்று ஒருவர்கூட இல்லை.

கர்நாடக இசையில் கடினமான காரியம் எதுவோ அது இந்த அறையில் சோதிக்கப்படுவதே இல்லை. ஒன்றரை மணி நேரம் குரலைக் காப்பாற்றுவது, பிரதான ராகத்தை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிப்பது, பக்கவாத்தியக்காரருக்கு இடம் விடுவது, தனி ஆவர்த்தனம் முடிந்து பல்லவியின் எடுப்பில் பிசகாமல் வந்து சேர்வது ஆகியவைதான் ஒரு பாடகரை உருவாக்குகின்றன. துண்டு துண்டாகக் கேட்டு இவற்றை அறிய முடியாது.

எழுத்துத் தாளில் குறை வேறு விதம். தோடியின் லட்சணம் எழுதுக என்று ஒரு கேள்வி. எட்டாவது மேளம், சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம் என்று எழுதி, பிரயோகங்கள் நான்கு, கிருதிகள் ஐந்து அடுக்கினால் மதிப்பெண் நிச்சயம். பாடும்போது அந்தக் காந்தாரம் தன் இடத்தில் பெரும்பாலும் நிற்பதே இல்லை. ரிஷபத்தின் பக்கத்திலிருந்து மத்தியமம்வரை அசைந்துகொண்டே இருக்கிறது. அசைவு குறைந்தால் ராகம் வெளிறிவிடும், கூடினால் கலங்கிவிடும். விடைத்தாளில் "கம்பித கமகம்" என்ற இரண்டு சொல்லில் அது முடிந்துபோகிறது. எழுதியவர் அந்தக் காந்தாரத்தைக் காதால் அறிந்தவரா, குறிப்பேட்டில் பார்த்தவரா என்பது திருத்துகிறவருக்குத் தெரிய வழியில்லை.

இதற்கெல்லாம் அடிப்படை வகுப்பறைக் கணக்கு. ஒரு மணி நேர வகுப்பில் 15 பேர் இருந்தால் தலைக்கு 4 நிமிடம். அதற்குள் ஒருவரின் தொண்டையைக் கேட்டு, தவறைப் பிடித்து, திருத்திப் பாடவைப்பது எந்த ஆசிரியராலும் ஆகாது. ஆகவே மாணவர்கள் மாலையில் தனியாக ஒரு குருவிடம் போகிறார்கள். வசதியுள்ளவருக்கு அது நடக்கிறது. கல்லூரியை மட்டுமே நம்பி வந்தவர், யாருக்காகக் கதவு திறக்கப்பட்டதோ அவர், சேர்ந்த பிறகு பின்தங்குகிறார்.

ஆய்வேட்டையும் சொல்ல வேண்டும். ஒரே பருவத்தில் எழுதி முடிக்க வேண்டியிருப்பதால் பெரும்பாலும் ஒரு வாக்கேயக்காரரின் வாழ்க்கை வரலாறு, அவர் பாடல்களின் அட்டவணை, முடிவுரை என்று ஒரே அச்சில் வந்துவிடுகிறது. பக்கத்து ஊர்க் கோயிலில் ஓதுவார் பாடும் பண்ணைப் பதிவு செய்து சுரப்படுத்தியிருந்தால், அளவில் பாதியானாலும் அது புதிய அறிவு.

பெரிய அநீதி பட்டத்துக்கு வெளியே நிற்பவர்களுக்கு நடக்கிறது. தமிழக அரசின் மாவட்ட இசைப் பள்ளிகளில் குரலிசையும் வயலினும் படிக்க ஏழாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். நாகசுரம், தவில், தேவாரம் படிக்க எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். இந்தத் தளர்வு நல்ல எண்ணத்தில் வந்தது. அதுவே மேலே ஏறும் படியை எடுத்தும் விடுகிறது. மூன்று ஆண்டு நாகசுரம் படித்து வெளியே வருகிறவருக்கு, பள்ளிக் கல்வி இல்லாமல் இளங்கலை கிடையாது. இளங்கலை இல்லாமல் முதுகலை கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிகள் கலைஞர்களுக்கென்று ஒரு மாற்று வழி வைத்திருக்கின்றன. பெயர்பெற்ற குருவிடம் பயின்று, வானொலியிலோ தொலைக்காட்சியிலோ 'ஏ' தரம் பெற்று, பாடத்தைக் காரண காரியத்தோடு விளக்கத் தெரிந்தவர் நெட் இல்லாமலே உதவிப் பேராசிரியர் ஆகலாம். அங்கேயும் இளங்கலைப் பட்டம் கட்டாயம். 1949-இல் சென்னையில் தொடங்கிய கர்நாடக இசைக் கல்லூரிக்கு முதல் முதல்வராக முசிறி சுப்பிரமணிய ஐயர் வந்ததும், அங்கே டி. பிருந்தா கற்பித்ததும் வித்வத்தைப் பார்த்து. அதே பிருந்தாவை அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் அழைத்துக் கற்பிக்கச் சொன்னது. நாம் வகுத்த விதி நம்முடைய முன்னோடிகளையே வாசலில் நிறுத்திச் சான்றிதழ் கேட்கும்.

மற்ற இடங்களில் எப்படி? அமெரிக்க இசைப் பள்ளிகள் பாதையை இரண்டாகப் பிரித்துவிட்டன. வாசிக்க வந்தவருக்கு ஒரு முதுகலை, ஆராய வந்தவருக்கு வேறொரு முதுகலை. முதல் பாதையில் சேரும்போதே வாசித்துக் காட்ட வேண்டும். முடிக்கும்போது சபையோர் முன் முழு நிகழ்ச்சி நடத்தி ஆசிரியர் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். வாரந்தோறும் ஆசிரியரோடு தனி வகுப்பு உண்டு. மேடை நிகழ்ச்சிகளையே ஆய்வின் முக்கியப் பகுதியாக ஏற்கும் முனைவர் பட்டமும் இருக்கிறது. செலவு மிக அதிகம் என்பதும், கடன் வாங்கிப் படித்தவருக்கு மேடை வேலை எளிதில் கிடைப்பதில்லை என்பதும் அதன் மறுபக்கம். ஆனாலும் எதைக் கற்றவரோ அதைச் செய்யச் சொல்லிச் சோதிப்பது என்ற எளிய கொள்கையை அவர்கள் விடவில்லை.

"எம்.ஏ. பட்டதாரியால் கச்சேரி பண்ண முடியாது, இந்தப் படிப்பே வீண்" என்று சபாக்களில் பேசுவோர் உண்டு. அதில் நான் சேரமாட்டேன். பட்டத்தை ஒழித்தால் பழைய வாசல்தான் திறக்கும். அந்த வாசலில் யார் நின்றார்கள் என்பது நமக்குத் தெரியும். திருத்த வேண்டியது நிபந்தனைகளை. இறுதிப் பருவத்தில் பக்கவாத்தியத்தோடு ஒன்றரை மணி நேரக் கச்சேரி, ஊரார் வந்து கேட்கும்படி கட்டாயமாகட்டும். எழுத்துத் தாளில் ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டு, கேட்டதை எழுதச் சொல்லும் பகுதி வரட்டும். ஆய்வேட்டுக்குக் களப்பதிவையும் பதிப்புப் பணியையும் ஏற்கட்டும். நெட் தேர்வில் வென்றவர் பாடிக் காட்டிய பிறகே தகுதிச் சான்று தரட்டும். கலைஞருக்கான மாற்று வழியில் இளங்கலை நிபந்தனை நீங்கட்டும். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் புதிய கட்டடமோ பெரும் நிதியோ தேவையில்லை; பாடத்திட்டக் குழுவின் கூட்டங்களும் யுஜிசியின் ஒரு திருத்தமும் போதும். முதல் படியாக, அடுத்த முறை உங்கள் ஊர் இசைக் கல்லூரி மாணவர் பாடுகிறார் என்று தெரிந்தால் போய் முன்வரிசையில் உட்காருங்கள். தேர்வாளர் தராத ஒன்றரை மணி நேரத்தை நீங்களாவது தாருங்கள்.